ஒருத்தி தூக்கும் பை

அவனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். வீடு மாறிப் போகிறவர்களின் சாமான்களைக் கட்டிக்கொடுக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை. கண்ணாடி அலமாரி, பீங்கான் தட்டு, சுவர்க் கடிகாரம், மீன் தொட்டி, எதுவானாலும் அவன் கை பட்டுப் பெட்டிக்குள் போனால், போன மாதிரியே வெளியே வரும். ஒருமுறை அவன் கட்டிய பெட்டி ஒன்று ஓடுகிற லாரியிலிருந்து விழுந்து, உருண்டு, பள்ளத்தில் கிடந்தது. உள்ளே இருந்த ஆறு கண்ணாடிக் கோப்பைகளில் ஒன்றுகூடக் கீறவில்லை. அந்தக் கதையை அவன் மச்சினன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். பள்ளத்தின் ஆழம் வருடத்துக்கு ஒரு அடி கூடிக்கொண்டே போனது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். வாய் ஓயாது. "மாமா கட்டின பெட்டியைத் திறக்கிறதுக்கு இன்னொரு மாமா வேணும்" என்பான்.

வீட்டுக்கு வந்தால் டேப்புவின் வேலை தலைகீழ். மனைவிக்கு மூட்டுவாதம். நான்கு வருடமாக விரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்திருக்கும்போது இரண்டு கைகளும் மரக்கட்டை போல இருக்கும். வெந்நீரில் அமிழ்த்தி, மெல்ல மெல்ல நீவி, பத்து மணி ஆனால்தான் ஒரு ஸ்பூனை நம்பிப் பிடிக்க முடியும். பத்துக்கு மேல் அவளைப் பிடிக்க முடியாது. ஒரு பல் டாக்டருக்கு வருகிற போன்களை வீட்டிலிருந்தே எடுத்து, யார் எப்போது வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. பல்வலிக்காரர்கள் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டே அடங்கிவிடுவார்களாம்.

காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் டேப்பு வீட்டில் இருக்கிற மூடிகளையெல்லாம் தளர்த்தி வைப்பான். எண்ணெய்ப் பாட்டில், சர்க்கரை டப்பா, பற்பசை, மாத்திரை டப்பி என்று வரிசையாக ஒரு சுற்று. பகல் முழுக்க ஊரார் சாமானை இறுக்குகிற கை, காலையில் தன் வீட்டுச் சாமானைத் தளர்த்தும்.

"குழாயையும் கொஞ்சம் தளர்த்திட்டுப் போங்க. வீடே மிதக்கட்டும்" என்பாள் மனைவி.

இந்தக் காரணத்தால்தான் அவன் வெளியூர் லோடு எடுப்பதில்லை. வெளியூர் என்றால் ஒரு இரவு வெளியே தங்க வேண்டும். மறுநாள் காலை அவள் தனியாக எழுந்திருக்க வேண்டும். நான்கு வருடமாக முதலாளி கேட்பதும் இவன் தலையைச் சொறிவதும் நடந்துகொண்டிருந்தது. அவன் ஒருநாளும் காரணத்தைச் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தன்னால் ஒரு மனிதனின் கால் கட்டப்பட்டிருக்கிறது என்ற எண்ணம், விரல் வலியைவிட அவளை அதிகமாக வாட்டியது.

போன மழைக்கு அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய் கரை தாண்டியது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. மாத்திரையைத் தேடியவர்கள் பாதி, டார்ச்சைத் தேடியவர்கள் பாதி, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல ஓடியவர்கள் மீதி. அதனால் இந்த வருடம் வீட்டுக்கு ஒரு அவசரப் பை கட்டாயம் என்று முடிவானது. தெருவுக்குப் பொறுப்பாக ஜெராக்ஸ் அக்காவைப் போட்டார்கள். முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் ஒரு தாளை எல்லா வீட்டிலும் கொடுத்தார். குடிநீர், பிஸ்கட், டார்ச், பேட்டரி, பத்து நாள் மாத்திரை, சான்றிதழ் நகல்கள், விசில், மாற்றுத் துணி, சோப்பு, போன் நம்பர்கள் எழுதிய காகிதம்.

"இன்ன நாள்னு சொல்ல மாட்டேன். ஒருநாள் சங்கு ஊதுவேன். பையோட பதினஞ்சு நிமிஷத்துல மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துடணும்" என்றார் ஜெராக்ஸ் அக்கா.

டேப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே கட்டிக்கொடுக்கிறவன், தன் வீட்டுக்கு முதல் முறையாகக் கட்டப்போகிறான். கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிய இரட்டை அட்டைப் பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். டார்ச்சுக்குக் காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் இரண்டு சுற்று. பேட்டரிகளுக்குத் தனித்தனியாகக் காகிதம். பிஸ்கட் நொறுங்காமல் இருக்கச் சுற்றிலும் அட்டைத் தடுப்பு. தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நடுவே துணி. இரண்டு பேருக்கும் மூன்று நாளுக்கு வேண்டியதெல்லாம் உள்ளே போனது. மேலே மூன்று சுற்று டேப்பு, அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்டிக் பட்டை. மேல்பக்கம் எது என்று அம்புக்குறி. கடைசியாக, உடையும் பொருள் என்று சிவப்பு ஸ்டிக்கர்.

"பைன்னுதானே சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"பை நனையும், கிழியும். இதை மூணாவது மாடியில இருந்து போட்டாலும் உள்ள இருக்கிற தீப்பெட்டி கசங்காது."

"நம்ம வீடு தரைத்தளம்."

அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். சத்தம் கனமாக வந்தது. அவனுக்கு அது போதும்.

சங்கு ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஊதியது. டேப்பு அப்போது ஊரின் இன்னொரு மூலையில் யாருடைய புத்தகங்களையோ அடுக்கிக்கொண்டிருந்தான். மாலை வீட்டுக்கு வந்தபோது பெட்டி, அலமாரி அடியில் இல்லாமல் வாசல்படி ஓரத்தில் இருந்தது.

"இன்னைக்கு ஒத்திகை வச்சாங்க" என்றாள் மனைவி. "போயிட்டு வந்தேன்."

"பெட்டி?"

"அதுவும் பாதி தூரம் வந்துச்சு. காலால தள்ளிக்கிட்டே வாசல் வரைக்கும் கொண்டுவந்தேன். அதுக்கப்புறம் அது வர மாட்டேன்னுடுச்சு. ஜெராக்ஸ் அக்கா வந்து பை எங்கன்னு கேட்டாங்க. இதோ, இதுமேல உட்கார்ந்திருக்கேனே, இதுதான்னு சொன்னேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்தான். பிறகு பெட்டியை உள்ளே தூக்கிப் போகக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தான். டேப்பின் ஒரு முனை கொஞ்சம் கிளம்பியிருந்தது. அருகே கத்தி வழுக்கிய கீறல்கள், ஏழெட்டு. ஓரத்தில், பளபளப்பான டேப்பின் மேல், அரைவட்டமாகப் பல் பதிந்த தடம்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஏழரை மணி என்றால் அவள் விரல்கள் மடங்கவே மடங்காத நேரம். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே கத்தியை இடுக்கிப் பார்த்திருக்கிறாள். முடியாமல், குனிந்து, வாயால் இழுத்திருக்கிறாள். அவள் குனிந்து கிடந்த அந்தக் காட்சியை அவன் பார்க்கவில்லை. ஆனால் இப்போது கண்ணில் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லைங்க. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அவள் பின்னாலிருந்து.

அவன் பிளேடை எடுத்துப் பெட்டியைப் பிரித்தான். தொழில்காரன் கை, நல்ல பிளேடு. அப்படியும் முதல் பிஸ்கட் பாக்கெட் வெளியே வர ஒன்பது நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, முதுகில் மாட்டுகிற ஒரு பையை நடுவில் வைத்து, இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தை அவள்தான் சொன்னாள். "பத்து மணிக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மழை பத்து மணிக்குத்தான் வரணும்னு யார்கிட்ட சொல்றது? மோசமான நேரத்துலயே பார்த்துடலாம். ஆனா ஒரு நிபந்தனை. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும்."

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஒவ்வொரு சாமானாக எடுத்தாள். திருகுகிற டார்ச் அசையவில்லை. தள்ளி வைத்தாள். தட்டினால் எரிகிற தட்டையான விளக்கு, முழங்கையால் குத்தியதும் எரிந்தது. அது உள்ளே. தண்ணீர்ப் பாட்டில் மூடி சுற்றவில்லை. பல் வரைக்கும் கொண்டுபோய், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மூடியைத் தள்ளித் திறக்கிற பாட்டில் வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, நெம்பினால் திறக்கிற சின்ன டப்பியில் ஈரம் படாமல் எப்படி வைப்பது என்று தெரிந்துகொள்வதென்று முடிவானது. பையின் ஜிப் நுனி கடுகத்தனை இருந்தது. அதில் தடிமனான கயிற்றை வளையமாகக் கட்டினால் மணிக்கட்டை நுழைத்து இழுக்கலாம் என்றாள்.

நடுவில் ஒருமுறை சோப்பு அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. அவன் பாய்ந்து எடுக்கப் போனான்.

"உட்காருங்க."

உட்கார்ந்தான். அவள் அதைக் காலால் நகர்த்திச் சுவரோடு சேர்த்து, இரண்டு உள்ளங்கையாலும் அள்ளி எடுத்தாள். அதற்கு மூன்று நிமிடம் பிடித்தது. அந்த மூன்று நிமிடத்தில் அவனுக்கு வியர்த்துவிட்டது.

எடை பார்க்கும்போதுதான் சண்டை வந்தது. அவள் தோளில் ஐந்து கிலோதான் தாங்கும். பையில் பதினொன்று இருந்தது. அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முதலில் அவன் சட்டை. பிறகு அவன் வேட்டி, அவன் சவர சாமான், அவனுக்கு என்று வைத்த பிஸ்கட், தண்ணீர்.

"எல்லாம் என்னோடதாவே போகுதே" என்றான். "அப்ப நான்?"

"நீங்க வீட்டில இருந்தா, இந்த வீட்டையே தூக்கிட்டு வந்துடுவீங்க. உங்களுக்கு வேற பை போட்டுக்கலாம். இது நீங்க இல்லாதப்போ நான் எடுத்துட்டுப் போற பை."

"நான் இல்லாதப்போ ஏன் வரணும்?"

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை நீங்க இருந்தீங்களா? நீங்க பத்து தெரு தள்ளி இருந்தாலும் இல்லாத மாதிரிதான், நூறு மைல் தள்ளி இருந்தாலும் இல்லாத மாதிரிதான். இதை நான் திறக்கத் தெரிஞ்சுக்கிட்டா, நீங்க எங்க வேணா போகலாம். வெளியூர் லோடு கேட்டா சரின்னு சொல்லுங்க. என்னைக் காரணம் காட்டாதீங்க."

"நான் எப்பவும் காரணம் காட்டினதில்லை."

"அதான் இன்னும் வலிக்குது."

அவள் வெளியே எடுத்த சட்டையை அவன் மடித்து, அலமாரியில் கொண்டுபோய் வைத்தான்.

மூன்று வாரம் கழித்து அவன் முதல் முறையாக வெளியூர் லோடுக்குப் போனான். மச்சினன்தான் லாரி. கிளம்புகிற நேரத்தில் மூன்று முறை இறங்கி இறங்கி வீட்டுக்குள் போய்வந்தான்.

"மாமா, நீ லாரியில வர்றியா, இல்ல வீட்டுக்கும் லாரிக்கும் பஸ் விடுறியா?" என்றான் மச்சினன்.

இரவு லாரியிலேயே படுத்து, காலை ஏழு மணிக்கு இறக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் சின்னது. ஆளுயரக் கண்ணாடி அலமாரியைப் படி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். டேப்பு மேலே, மச்சினன் கீழே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அலமாரி சாய்ந்து, இருவர் கைகளும் அதன் அடியில் மாட்டியிருந்தபோது, டேப்புவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

மனைவிக்கென்று வைத்திருக்கிற மணி. அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். ஏழே முக்காலுக்கு அவள் விரல் போனை அழுத்தாது.

"மாமா, கையை விட்டுடாதே" என்றான் மச்சினன் கீழேயிருந்து. "விட்டா என் மண்டைமேலதான் வரும்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அதிர்ந்த அந்தப் போனை எடுக்கப் பத்தொன்பது வருடத் தொழில் விடவில்லை. ஒரு படி. இன்னொரு படி. மூன்றாவது முறை அடித்து நின்றபோது, மேலே போக இன்னும் ஐந்து படி இருந்தது. அலமாரியைத் தரையில் வைத்த கையோடு கூப்பிட்டான். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். போய்க்கொண்டே இருந்தது.

மச்சினனின் போனில் செய்தி வந்திருந்தது. ஊரில் விடிகாலையிலிருந்து மழை. கால்வாய் மறுபடி கரை தாண்டிவிட்டது.

"மணி போகுதுன்னா போன் நனையலைன்னு அர்த்தம், மாமா" என்றான் மச்சினன். சொன்னவனின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவனுக்கும் அக்கா அவள் ஒருத்திதான்.

ஜெராக்ஸ் அக்காவின் எண் எப்போது போட்டாலும் வேறு யாருடனோ பேச்சில் இருந்தது. எட்டேகாலுக்கு மேல் இரண்டு எண்ணுமே கிடைக்கவில்லை. டவர் போய்விட்டது. மீதிச் சாமானை இருவரும் இறக்கினார்கள். டேப்பு தன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக இறக்கியதில்லை. ஆனால் ஒன்றும் உடையவில்லை. திரும்பும் வழியில் மச்சினன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. டேப்பு மனசுக்குள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். இனிமேல் வெளியூர் லோடே வேண்டாம். அவளைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

லாரி போகக்கூடிய இடம் வரை போய், அங்கிருந்து இருவரும் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மாலை நாலரை. முதல் வகுப்பறையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் யாரோ ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவது அறையில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில், முழங்கால் மார்பில் முட்ட அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை இருந்தது.

"என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? லோடு இறக்கியாச்சா?" என்றாள்.

அவன் வகுப்பறை வாசலில் நின்று அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான். மச்சினன்தான் பேசினான். "ஏன்க்கா போனை எடுக்கலை? மாமா பாதி வழியில செத்துட்டாரு. நான்தான் தட்டித் தட்டி எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

"போன் பைக்குள்ள, பை முதுகுல. இந்தக் கையைப் பின்னால கொண்டுபோக முடியுமா? கிளம்புறேன்னு சொல்லத்தான் மூணு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கலை. சரி, ஏதோ கண்ணாடி கையில இருக்கும்னு நினைச்சுக்கிட்டு நடந்துட்டேன். இங்க வந்து எடுத்துப் பார்த்தா டவர் இல்லை."

பிறகு அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவனை எதிரில் இன்னொரு குட்டைப் பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள். சங்கு ஊதியபோது வாசலில் கணுக்கால் அளவுத் தண்ணீர். விரல் கணுவால் போனை அழுத்திப் பார்த்துவிட்டு, கயிற்று வளையத்தில் மணிக்கட்டை விட்டு ஜிப்பை இழுத்து, அதைப் பைக்குள் போட்டு மூடினாள். பையைக் கட்டிலில் வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் நுழைத்து எழுந்தாள். முதல் தடவை பின்னாலேயே சாய்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை எழுந்துவிட்டாள். கதவுத் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினாள். தெருவில் சுவரை ஒட்டியே நடந்தாள்.

"ஜெராக்ஸ் அக்கா வந்து, பையைக் குடும்மா, நான் தூக்கிக்கிறேன்னாங்க. நான் தரலை."

"ஏன்?"

"தரணும்னு தோணலை." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு பையைப் பார்த்தாள். "இங்க வந்ததும் நானே திறந்து, நானே மாத்திரை போட்டுக்கிட்டேன். எட்டரை மணிக்கு. எட்டரைக்கு நான் ஒரு டப்பியைத் திறந்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

அவள் கண் பளபளத்தது. வீங்கிய அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறி வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். வழி நெடுக அவன் சொல்லிக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இப்போது அதைச் சொன்னால், அவள் காலையில் நடந்த நடையைத் தானே அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகும் என்று அவனுக்குப் பட்டது. விழுங்கிக்கொண்டான்.

"தோள்ல அறுத்துச்சா?" என்று கேட்டான்.

"இடது பக்கம் கொஞ்சம்."

அவன் பையை மடியில் எடுத்து வைத்தான். இடது வாரை இரண்டு விரற்கடை தளர்த்தினான். தோளில் படுகிற இடத்தில் தன் கைக்குட்டையைப் பிழிந்து நான்காக மடித்துச் சுற்றிப் பார்த்தான். திருப்தியில்லை. கழற்றிவிட்டு, வீட்டுக்குப் போனதும் பஞ்சு வைத்துத் தைத்துவிடலாம் என்று முணுமுணுத்தான்.

"எழுந்து போட்டுப் பாரு."

தூக்கிக் கொடுக்க அவன் கை எழுந்தது. பிறகு அவனே அதை இழுத்துக்கொண்டு, பையைப் பெஞ்சில் வைத்தான். அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்து, கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, எழுந்தாள். கரும்பலகை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"இப்போ?"

"இப்போ பரவாயில்லை" என்றாள். "அடுத்த லோடு எப்போ?"

மச்சினன் அவனைப் பார்த்தான். டேப்பு வாரின் அடியில் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்தான்.

"வியாழக்கிழமை" என்றான்.